காலி நாற்காலிகளின் கணக்கு

கையில் ஒரு ஏஸ், ஒரு எட்டு. ஏஸ் ஸ்பேடில், எட்டு ஆட்டினில். டெக்சஸ் ஹோல்டெம் மேசையில் ஒன்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். முதலில் வாய் திறக்க வேண்டியவர் நீங்கள். இந்தக் கையைக் கவிழ்த்துவிட வேண்டும் என்பதில் தேர்ந்த ஆட்டக்காரர்களுக்குள் சண்டையே கிடையாது. நேரம் போகிறது. ஒவ்வொருவராகத் தோற்று எழுந்து போகிறார்கள். மூன்று பேர் மிஞ்சியிருக்கும்போது அதே ஏஸ், அதே எட்டு மறுபடி வந்து விழுகிறது. இப்போது அதைக் கவிழ்ப்பவர் பணத்தைத் தூக்கி எறிகிறார். இருவரே மிஞ்சினால் அது யோசிக்காமல் ஏற்றிக் கேட்க வேண்டிய நல்ல கை.

சீட்டு அதேதான், ஆடுபவரும் அவரேதான். மேசையைச் சுற்றி நாற்காலிகள் காலியாகியிருக்கின்றன, அவ்வளவே. சீட்டின் மதிப்பு சீட்டிலேயே அச்சாகியிருக்கிறது என்று நம்பிப் பழகிய மனத்துக்கு இது சுலபத்தில் ஏறாது. ஆனால் சூதாட்டத்தை விட்டுத் தள்ளிவிட்டு வெறும் கணிதமாகப் பார்த்தாலும், நிகழ்தகவின் மிக அழகான பாடங்களில் ஒன்று இந்தக் காலி நாற்காலிகளுக்குள் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

விதிகளை வேகமாகச் சொல்லிவிடலாம். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாகத் தரப்படும். பிறகு மேசை நடுவில் ஐந்து சீட்டுகள் எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கப்படும்: முதலில் மூன்று (ஃப்ளாப்), பிறகு ஒன்று (டர்ன்), கடைசியாக ஒன்று (ரிவர்). தன் இரண்டையும் பொதுவான ஐந்தையும் சேர்த்து எவருக்குச் சிறந்த ஐந்து சீட்டு அமைகிறதோ அவருக்குப் பணம். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் வைக்கலாம், ஏற்றலாம், ஈடுகட்டலாம், கவிழ்க்கலாம். சீட்டுப் போடுவதற்கு முன்பே இரண்டு பேர் கட்டாயமாகப் பணம் வைத்தாக வேண்டும். ஒருவர் பிக் பிளைண்ட், இன்னொருவர் அதில் பாதி, ஸ்மால் பிளைண்ட். இந்தக் கட்டாயம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஓர் இடம் நகர்ந்து மேசையைச் சுற்றி வரும். டீலர் பட்டன் யார் முன்னால் இருக்கிறதோ அவர் ஃப்ளாப்புக்குப் பிறகு எப்போதும் கடைசியாகப் பேசுவார்.

52 சீட்டிலிருந்து இரண்டை 1,326 விதமாக எடுக்கலாம். அவற்றில் எத்தனை சதவீதக் கைகளோடு ஒருவர் தானாக முன்வந்து பணம் போடுகிறார் என்பதை வைத்துத்தான் அவரை ‘டைட்’ என்றோ ‘லூஸ்’ என்றோ சொல்வார்கள். நாம் இறுக்கமான ஆட்டம், தளர்ந்த ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். பொதுவாக இதை ஒருவரின் சுபாவமாகவே பேசுகிறார்கள்: இவர் பொறுமைசாலி, அவர் துணிச்சல்காரர் என்று. எனக்கு இந்தப் பேச்சில் உடன்பாடில்லை. எவ்வளவு இறுக்கம், எவ்வளவு தளர்வு என்பதை இரண்டு எண்கள் தீர்மானிக்கின்றன. உங்களுக்குப் பின்னால் இன்னும் எத்தனை பேர் பேச வேண்டியிருக்கிறது என்பது ஒன்று. நல்ல கைக்காகக் காத்திருக்க என்ன செலவாகிறது என்பது இன்னொன்று. ஆள் குறையக் குறைய இரண்டும் ஒரே பக்கம் இழுக்கின்றன.

முதல் எண்ணை அந்த ஏஸ்-எட்டை வைத்தே பார்ப்போம். உங்கள் இரண்டு சீட்டு போக மீதி 50. அதிலிருந்து எதிராளிக்கு 1,225 விதமான கைகள் வரலாம். இவற்றில் உங்களை மோசமாக மாட்டிவிடக்கூடியவை எவை? இன்னொரு ஏஸோடு ஒன்பது அல்லது அதற்கு மேற்பட்ட சீட்டு வைத்திருக்கும் கைகள் 60. இரண்டு ஏஸ் 3. ராஜா ஜோடியிலிருந்து ஒன்பது ஜோடி வரை 30. எட்டு ஜோடி 3. ஆக 96 கைகள். அதாவது ஓர் எதிராளியிடம் இப்படி ஒன்று இருக்க வாய்ப்பு 8 சதவீதத்துக்கும் சற்றுக் கீழே. ஒருவரே எதிரில் இருந்தால் இது பெரிய பயமில்லை. இரண்டு பேர் என்றால் சுமார் 15 சதவீதம். ஐந்து பேர் பின்னால் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு. எட்டுப் பேர் இருந்தால் சுமார் 48 சதவீதம். ஒன்பது பேர் மேசையில் முதல் ஆளாக ஏஸ்-எட்டை ஆடுபவர், ஏறக்குறைய இரண்டுக்கு ஒரு தடவை தன்னைவிட நல்ல கை ஒன்று காத்திருக்கும் இடத்துக்குள் காலை வைக்கிறார்.

இதையே பணத்தின் பக்கமிருந்து பார்த்தால் இன்னும் தெளிவாகும். முதல் சுற்றில் மேசையில் கிடப்பது ஒன்றரை பிக் பிளைண்ட். நீங்கள் இரண்டரைக்கு ஏற்றுகிறீர்கள். எல்லோரும் கவிழ்த்துவிட்டால் ஒன்றரை உங்களுக்கு. கையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே, யாராவது எதிர்த்தால் போட்ட பணம் முழுக்கப் போயிற்று என்றே வைத்துக்கொண்டாலும், 62.5 சதவீதத் தடவை எல்லோரும் கவிழ்த்தால் இந்த ஏற்றம் கட்டுபடியாகும். பின்னால் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் மிக இறுக்கமானவர்கள், 15 சதவீதக் கைகளைத்தான் ஆடுவார்கள் என்று வைப்போம். எட்டுப் பேரும் கவிழ்க்க வாய்ப்பு 0.85-ஐ எட்டு முறை பெருக்கினால் வருவது: 27 சதவீதம். ஐந்து பேர் என்றால் 44. இரண்டே பேர் என்றால் 72. முதல் இரண்டும் நட்டம். மூன்றாவது, கண்ணை மூடிக்கொண்டு ஏற்றினாலும் ஒவ்வொரு தடவைக்கும் சராசரியாக 0.39 பிக் பிளைண்ட் லாபம். மூன்று பேர் மேசையில் பட்டனில் இருப்பவருக்கு எதிராக இருவரும் ‘நல்ல கை வரட்டும்’ என்று உட்கார்ந்திருந்தால், அவர் சீட்டே தேவைப்படாமல் அவர்களுடைய பணத்தை எடுத்துக்கொண்டு போவார்.

இரண்டாவது எண் காத்திருப்புச் செலவு. ரம்மி ஆடுபவர்கள் சீட்டு சரியில்லை என்றால் ஆரம்பத்திலேயே ஸ்கூட் விட்டுவிடுவார்கள். அதற்கென்று ஒரு புள்ளி விலை இருக்கிறது, எத்தனை பேர் ஆடினாலும் அந்த விலை மாறாது. போக்கரில் கவிழ்ப்பது இலவசம் போலத் தோன்றுகிறது, ஆனால் அதன் விலை பிளைண்ட் வடிவில் சுற்றி வந்துகொண்டேயிருக்கிறது. எத்தனை பேர் ஆடுகிறார்களோ அதற்கேற்ப அது மாறவும் செய்கிறது. ஒரு சுற்று முடியும்போது ஒவ்வொருவரும் ஒன்றரை பிக் பிளைண்ட் கட்டியிருப்பார்கள். பத்து ஜோடியும் அதற்கு மேலும், ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி ஆகியவற்றை மட்டுமே ஆடுவேன் என்று ஒருவர் பிடிவாதமாக இருந்தால், 1,326-ல் 62 கைகள்தான் அவருக்கு உகந்தவை. சராசரியாக 21 ஆட்டத்துக்கு ஒன்று வரும். ஒன்பது பேர் மேசையில் அந்த 21 ஆட்டம் நகர மூன்றரை பிக் பிளைண்ட் செலவு. ஆறு பேர் என்றால் ஐந்தேகால். மூன்று பேர் என்றால் பத்தரை. இருவர் மட்டும் என்றால் ஏறக்குறைய பதினாறு. அவ்வளவு செலவழித்துக் காத்திருந்து வந்த ராணி ஜோடியோடு ஏற்றும்போது எதிராளி கவிழ்த்துவிட்டுப் போனால் வருவது ஒன்றரை.

மேசை சுருங்கும்போது புதிதாக வேறொரு ஆட்டம் தொடங்குவதாகப் பலர் எண்ணுகிறார்கள். ஆறு பேர் மேசையில் முதல் ஆளின் நிலை என்ன? ஒன்பது பேர் மேசையில் முதல் மூன்று பேர் கவிழ்த்த பின் நான்காவது ஆளுக்கு இருக்கும் நிலைதான். பின்னால் அதே ஐந்து பேர், நடுவில் அதே ஒன்றரை. நிரம்பிய மேசையில் நன்றாக ஆடத் தெரிந்தவருக்கு, சின்ன மேசை ஆட்டத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே தெரிந்ததுதான். பின் இருக்கைகளில் ஆடியதை இப்போது எல்லா நேரமும் ஆட வேண்டும். மிக நுண்ணிய ஒரு வேறுபாடு உண்டு. கவிழ்த்த மூன்று பேரிடமும் ஏஸும் ராஜாவும் இருந்திருக்க வாய்ப்புக் குறைவு, அதனால் மீதிக் கட்டில் பெரிய சீட்டுகள் ஒரு பொடி அதிகம் தங்கியிருக்கும். காலி நாற்காலியில் அந்தத் தகவல் கிடையாது. இந்த விளைவு மிகச் சிறியது, நடைமுறையில் மறந்துவிடலாம். ஆனாலும் ஒரு கவிழ்ந்த சீட்டுக்கும் இல்லாத சீட்டுக்கும் கணிதத்தில் வித்தியாசம் இருப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாகவே இருக்கிறது.

இறுக்கமாக ஆடு என்ற அறிவுரை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஹோல்டெம் டெக்சஸில் பிறந்து, 1960களில் அங்கிருந்த சூதாட்டக்காரர்களோடு லாஸ் வேகஸ் வந்து சேர்ந்த ஆட்டம். 1976-ல் போக்கர் ஆட்டக்காரர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி தொடக்கக் கைகளைத் தரவாரியாகக் குழு பிரித்து எழுதினார். அந்த மாதிரிப் பட்டியல்கள் நிரம்பி வழியும் கேசினோ மேசைகளுக்காக உருவானவை. அங்கே அவை சரி. இணையத்தில் ஆறு பேர் மேசைகள் பெருகியபோது பழைய பட்டியலை அப்படியே சுமந்துகொண்டு வந்தவர்கள் பிளைண்டிலேயே கரைந்தார்கள்.

ஆள் எண்ணிக்கை குறையும்போது எல்லாக் கைகளும் ஒரே அளவில் உயர்வதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஏஸ் ஜோடி, ஒன்பது எதிராளிகளும் கடைசி வரை நின்றால் 31 சதவீதம்தான் ஜெயிக்கும். ஐந்து பேர் நின்றால் 49. ஒரே ஒருவர் என்றால் 85. உயர்ந்த சீட்டுகளுக்குக் கூட்டம் ஆகாது. ஏழும் ஆறும் ஒரே இனத்தில் அமைந்த கை இதற்கு நேர்மாறானது. அது ஃப்ளஷோ (ஒரே இனத்தில் ஐந்து) ஸ்ட்ரெய்ட்டோ (வரிசையாக ஐந்து) அமைந்து பெரிய பாட் ஒன்றை, அதாவது நடுவில் சேர்ந்த பணத்தை, அள்ள வேண்டும், அதற்குப் பணம் கொடுக்க நாலு பேர் வேண்டும். இருவர் ஆட்டத்தில் எங்கோ கிடக்கும் ராணி-ஏழு கூட, கண்மூடி எடுத்த ஏதோ ஒரு கையோடு மோதினால் பாதிக்குச் சற்று மேலேயே ஜெயிக்கிறது. ஆகவே சின்ன மேசையில் தளர்வது என்றால் கிடைத்ததையெல்லாம் ஆடுவது என்று பொருளல்ல. ஏஸும் ராஜாவும் துணைச்சீட்டு சுமாராக இருந்தாலும் மேலே வருகின்றன. ஜோடி எதுவானாலும் மேலே வருகிறது. கூட்டத்தை நம்பி வாழும் கைகள் அந்த அளவுக்கு ஏறுவதில்லை.

ஃப்ளாப் திறந்த பிறகும் இதே கதைதான். ஜோடியில்லாத ஒரு கை ஃப்ளாப்பில் குறைந்தது ஒரு ஜோடியாவது பிடிக்க வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் கீழே. இரண்டு பேர் மட்டும் ஃப்ளாப் பார்த்தால், பத்தில் நான்கு தடவைக்கு மேல் இருவர் கையிலும் ஒன்றுமே இருக்காது. அப்போது பாட் யாருக்கு? முதலில் நம்பிக்கையோடு பந்தயம் வைத்தவருக்கு. ஐந்து பேர் ஃப்ளாப் பார்த்தால் யாரோ ஒருவர் பெரும்பாலும் எதையாவது பிடித்திருப்பார், அங்கே வெறுங்கையோடு வைக்கும் பந்தயம் வீண். தளர்ந்த ஆட்டம் சின்ன மேசையில் பிழைப்பதற்குக் காரணம் அது எப்போதும் ஏற்றத்தோடு சேர்ந்து வருவதுதான். நிறையக் கைகளை ஆடி, எல்லாவற்றையும் வெறுமனே ஈடுகட்டிக்கொண்டு பின்னால் போகிறவர் எந்த மேசையிலும் தோற்பார். இதில் மேசை நடத்துபவர் எடுக்கும் ரேக்கும் சேர்கிறது. ஃப்ளாப் வரும் முன் முடிந்த ஆட்டத்தில் ரேக் கிடையாது என்பது பல இடங்களில் வழக்கம். ஏற்றி அங்கேயே முடித்தால் முழுப் பணம். ஈடுகட்டி ஃப்ளாப் பார்த்தால் ஜெயித்தாலும் ஒரு பங்கு போய்விடும்.

மூன்றே சீட்டில் ஓர் ஆட்டம்

இதுவரை சொன்னது எண்ணிக்கை. பொய் சொல்வதன் கணக்கை இனிமேல்தான் பார்க்கப் போகிறோம், அது இல்லாமல் இறுக்கமும் தளர்வும் புரியாது.

ஜான் வான் நாய்மன் 1928-ல் எழுதிய ஆய்வுரையும், 1944-ல் ஆஸ்கர் மார்கன்ஸ்டர்னோடு சேர்ந்து எழுதிய புத்தகமும் ஆட்டக் கோட்பாட்டின் அடித்தளம். அந்தப் புத்தகத்தில் போக்கருக்குத் தனியாக இடம் உண்டு. பிளஃப், அதாவது மோசமான கையோடு நல்ல கை போலப் பந்தயம் வைப்பது, குணக்கோளாறு இல்லை, சரியான ஆட்டத்தின் கட்டாயமான பகுதி என்று அதில் காட்டினார்கள். இதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கும்படி செய்தவர் ஹெரால்ட் கூன். 1950-ல் அவர் முன்வைத்த ஆட்டத்தில் மொத்தமே மூன்று சீட்டு: ஜாக்கி, ராணி, ராஜா. இருவரும் ஆளுக்கு ஒரு ரூபாய் வைக்கிறார்கள், ஆளுக்கு ஒரு சீட்டு. முதலாமவர் ஒரு ரூபாய் பந்தயம் வைக்கலாம் அல்லது விட்டுவிடலாம். இரண்டாமவரும் அப்படியே. பந்தயம் வைத்தால் எதிராளி ஈடுகட்டலாம் அல்லது கவிழ்க்கலாம். ஏற்றுவது கிடையாது. பெரிய சீட்டு ஜெயிக்கும்.

முதலாமவர் ராணியை வைத்துக்கொண்டு விட்டுவிடுகிறார். இரண்டாமவர் பந்தயம் வைக்கிறார். இரண்டாமவரிடம் ராஜா இருக்கலாம், ஜாக்கி இருக்கலாம். ராஜாவோடு அவர் எப்போதும் வைப்பார். ஜாக்கியோடு?

இரண்டாமவர் முழு இறுக்கமானவர், ஜாக்கியோடு ஒருபோதும் வைக்க மாட்டார் என்றால், முதலாமவர் ராணியை யோசிக்காமல் கவிழ்த்துவிடுவார். இரண்டாமவரின் ராஜாவுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கிடைக்காது. நேர்மையாக ஆடியதற்கு அவருடைய சிறந்த சீட்டு விலை கொடுக்கிறது. சரி, முழுத் தளர்வு: ஜாக்கியோடு எப்போதும் வைக்கிறார். அப்போது முதலாமவர் ராணியோடு எப்போதும் ஈடுகட்டுவார். ஒரு ரூபாய் போட்டால் பாதித் தடவை மூன்று ரூபாய் வரும், பாதித் தடவை அந்த ஒரு ரூபாய் போகும். சராசரியாக ஒரு ரூபாய் லாபம். இரண்டுக்கும் நடுவே எங்கோ, முதலாமவர் ஈடுகட்டினாலும் கவிழ்த்தாலும் ஒன்றுதான் என்று ஆகிற ஒரு புள்ளி இருக்கிறது. ஈடுகட்டுபவர் ஒரு ரூபாய் போட்டு மூன்றை எதிர்பார்க்கிறார். மூன்று ராஜாவுக்கு ஒரு ஜாக்கி என்ற விகிதத்தில் பந்தயம் வந்தால் அவருக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அதாவது ஜாக்கி வரும் தடவைகளில் மூன்றில் ஒரு பங்கு பிளஃப் அடிக்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இதே மாதிரிக் கணக்குப் போட்டால், பந்தயத்தை எதிர்கொள்ளும் இரண்டாமவர் ராணியோடு மூன்றில் ஒரு பங்கு தடவை ஈடுகட்ட வேண்டும் என்று வருகிறது.

இருவரும் இப்படிப் பிழையில்லாமல் ஆடினால் முதலாமவர் ஆட்டத்துக்கு 1/18 ரூபாய் தோற்கிறார். சீட்டில் இருவருக்கும் சம வாய்ப்பு. முதலில் பேச வேண்டியிருப்பதற்கு மட்டும் இந்தத் தண்டனை. மூன்று சீட்டு ஆட்டத்திலேயே இருக்கையின் விலை இவ்வளவு என்றால், 52 சீட்டில் பட்டனுக்கு அருகில் தளர்வாகவும் தூரத்தில் இறுக்கமாகவும் ஆடச் சொல்வதன் நியாயம் விளங்கும்.

கூனின் ஆட்டத்துக்கு ஒரு காகிதம் போதும். நிஜ ஹோல்டெமுக்குக் கணினி வேண்டியிருந்தது. 2015 ஜனவரியில் கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் பவ்லிங் குழுவினர், இருவர் ஆடும் லிமிட் ஹோல்டெம் (பந்தய அளவு முன்பே வரையறுக்கப்பட்டது) ஆட்டத்தைத் தீர்த்துவிட்டதாக ‘சயின்ஸ்’ இதழில் அறிவித்தார்கள். அந்த ஆட்டத்தில் வரக்கூடிய நிலைகளின் எண்ணிக்கை 3-க்குப் பின்னால் 17 பூஜ்யம். அவர்களுடைய செஃபியஸ் என்ற நிரல் 4,800 செயலிகளில் இரண்டு மாதத்துக்கு மேல் ஓடியது. ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கத் தினமும் பல மணி நேரம் அதனோடு ஆடினாலும், அதில் ஓட்டை இருக்கிறது என்று நிச்சயமாக நிரூபிக்க முடியாத அளவுக்கு அது துல்லியம்.

அந்த நிரல் கற்ற முறை எனக்கு மிகவும் பிடித்தது. அதற்கு யாரும் நல்ல கைகளின் பட்டியல் தரவில்லை. கண்டபடி ஆட ஆரம்பிக்கும். ஒவ்வொரு முடிவுக்குப் பின்னும் ‘வேறு மாதிரி செய்திருந்தால் எவ்வளவு கூடுதலாகக் கிடைத்திருக்கும்’ என்று ஒரு வருத்தக் கணக்கு எழுதிக்கொள்ளும். அடுத்த முறை எதைப் பற்றி வருத்தம் அதிகமோ அதை அதிகம் செய்யும். தனக்குத் தானே எதிராக இப்படிக் கோடிக்கணக்கில் ஆட, சராசரியாக அது வந்து நிற்கும் இடம் சமநிலை: தன் ஆட்டத்தை மட்டும் மாற்றி யாரும் கூடுதலாகப் பெற முடியாத நிலை. இறுக்கம், தளர்வு என்ற சொற்கள் அந்தக் கணக்கில் எங்கேயும் உள்ளே வருவதில்லை. வெளியே வரும் விடையைப் பார்த்துத்தான் நாம் பெயர் வைக்கிறோம். பந்தயத்துக்கு வரம்பில்லாத நோ-லிமிட் ஆட்டத்துக்கு இப்போது கிடைக்கும் கணினித் தீர்வுகளில், ஆறு பேர் மேசையின் முதல் ஆள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கைகளோடு ஏற்றுகிறார். பட்டனில் இருப்பவர் பாதிக்குச் சற்றுக் குறைவாக. இருவர் ஆட்டத்தில் பட்டனில் இருப்பவர் ஐந்தில் நான்கு பங்கு அளவுக்கு. ஒரே நிரல், ஒரே ‘சுபாவம்’, மூன்று வெவ்வேறு தளர்வு.

மூன்றாமவர் வந்தவுடன்

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும், பல போக்கர் புத்தகங்கள் இதன் மேல் வேகமாகத் தாண்டிப் போய்விடுகின்றன. இருவர் ஆட்டத்தில் சமநிலை என்பது ஒரு கோட்டை. நான் அதன்படி ஆடினால், எதிராளி என்ன செய்தாலும் காலப்போக்கில் நான் தோற்க மாட்டேன் (ரேக் இல்லாதபோது, இருக்கைகளை மாற்றிக்கொண்டால்). மூன்றாவது ஆள் உட்கார்ந்ததும் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. ஜான் நாஷும் லாய்ட் ஷாப்லியும் 1950-ல் மூன்று பேர் ஆடும் ஒரு சிறு போக்கரை ஆராய்ந்தார்கள்; சமநிலை இருக்கிறது, ஆனால் அது யாரையும் காப்பாற்றும் என்ற உறுதி இல்லை. காரணம் எளிது. இருவர் ஆட்டத்தில் எதிராளி செய்யும் தவறு எனக்குத்தான் வந்து சேரும். மூவர் ஆட்டத்தில் என் இடப்பக்கத்துக்காரர் செய்யும் தவறு என்னையும் அவரையும் சேர்த்து நட்டப்படுத்தி, மூன்றாமவர் பையை நிரப்பலாம். பட்டனில் இருந்து நான் சரியான அளவுக்குத்தான் ஏற்றுகிறேன். ஸ்மால் பிளைண்டில் இருப்பவர் எதற்கும் கவிழ்க்காமல் கூடவே வருகிறார். அவருக்கும் நட்டம், எனக்கும் நட்டம், சும்மா உட்கார்ந்திருந்த பிக் பிளைண்டுக்கு அருமையான விலையில் ஃப்ளாப் கிடைக்கிறது.

ஆகவே 2019-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் நோம் பிரவுனும் டூமாஸ் சாண்ட்ஹோல்மும் ஃபேஸ்புக் ஆய்வுப் பிரிவோடு சேர்ந்து புளூரிபஸ் நிரலை ஆறு பேர் மேசையில் உட்கார வைத்தபோது, அதற்குக் கோட்பாட்டு ரீதியான உத்தரவாதம் எதுவும் கிடையாது. அது எட்டே நாள், 64 செயலிகள் கொண்ட ஒரு கணினியில், மேகக் கணினி விலையில் சுமார் 150 டாலர் செலவில் பயிற்சி பெற்றிருந்தது. ஒரு நேரத்தில் ஐந்து தொழில்முறை ஆட்டக்காரர்கள். ஒவ்வொருவரும் 10 லட்சம் டாலருக்கு மேல் ஜெயித்தவர்கள். பன்னிரண்டு நாளில் 10,000 ஆட்டம். 100 ஆட்டத்துக்குச் சராசரியாக ஐந்து பிக் பிளைண்டுக்குச் சற்றுக் குறைவாக நிரல் ஜெயித்தது. முதல் ஆளாக உள்ளே வரும்போது வெறுமனே ஈடுகட்டி நுழைவது ஸ்மால் பிளைண்டைத் தவிர வேறு எவருக்கும் நல்லதில்லை என்ற பழைய ஆட்டக்காரர்களின் அனுபவத்தை அதுவும் தானாகவே வந்தடைந்தது.

புளூரிபஸ் எதிராளிகளின் பழக்கத்தைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்ளவில்லை. மனிதர்கள் மாற்றிக்கொள்ளலாம், சின்ன மேசையில் அதற்கு வாய்ப்பு மிக அதிகம். திசை எப்போதும் எதிர்ப்பக்கம்: மேசை இறுகியிருந்தால் நீங்கள் தளர வேண்டும், பிளைண்டுகளைத் திருட வேண்டும், மேசை தளர்ந்திருந்தால் பிளஃப்பை நிறுத்திவிட்டு, நல்ல கைகளுக்குப் பெரிய பந்தயமாக வைக்க வேண்டும். எதற்கும் கவிழ்க்காதவரிடம் கதை சொல்லிப் பயனில்லை.

ஒருவர் இறுக்கமா தளர்வா என்பதைச் சீக்கிரம் கண்டுபிடிக்கலாம். 30 ஆட்டம் பார்த்ததில் 20 சதவீதம் ஆடியிருக்கிறார் என்றால், திட்டப்பிழை சுமார் 7 சதவீதம்; 100 ஆட்டம் பார்த்தால் 4 ஆகக் குறையும். போதுமான தெளிவு. ஆனால் நாம் நன்றாக ஆடுகிறோமா என்பது அவ்வளவு சீக்கிரம் தெரியாது, இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆறு பேர் நோ-லிமிட் மேசையில் 100 ஆட்டத்துக்கான திட்டவிலக்கம் வழக்கமாக 100 பிக் பிளைண்டை ஒட்டி இருக்கும். அப்படியானால் 10,000 ஆட்டத்துக்குப் பிறகும் ஒருவருடைய வெற்றி விகிதத்தில் திட்டப்பிழை 100-க்குப் பத்து பிக் பிளைண்ட். உண்மையில் ஐந்து ஜெயிக்கக்கூடியவர் ஐந்து தோற்றுக்கொண்டிருக்கலாம். ஐந்து தோற்க வேண்டியவர் தன்னை மேதை என்று நம்பிக்கொண்டிருக்கலாம். புளூரிபஸ் ஆய்வாளர்கள்கூட அதிர்ஷ்டத்தின் பங்கைக் கழிக்கும் தனிப் புள்ளியியல் முறையைப் பயன்படுத்தித்தான் தங்கள் முடிவை உறுதி செய்தார்கள். சின்ன மேசையில் பெரிய பாட்களுக்கு நடுத்தரக் கைகளோடு போக வேண்டியிருப்பதால் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் கூர்மை. திறமையா, அதிர்ஷ்டமா என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வாதாடினார்கள்; 2023 நவம்பரில், தமிழ்நாட்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகளாகப் பட்டியலிட்டது செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடை செய்தது. கணிதம் சொல்வது இதுதான்: ஒரு லட்சம் ஆட்டத்தில் திறமை தெரிய ஆரம்பிக்கும், ஒரு மாலை நேரத்தில் ஏறக்குறைய முழுக்க அதிர்ஷ்டமே தெரியும். சம்பளப் பணத்தோடு உட்கார்ந்தவர்களுக்கு லட்சம் ஆட்டம் வரை காசு தாங்கவில்லை. இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வதில் எனக்குள்ள ஆர்வம் பணம் வைத்து ஆடச் சொல்லும் அழைப்பு ஆகிவிடக் கூடாது.

மூவர், அறுவர் மேசைக்குக் கோட்டை இல்லை என்றேன். அதனால் தேர்ந்தவர்கள் ஆட்டம் தொடங்கும் முன்பே ஒரு முடிவை எடுக்கிறார்கள்: எந்த நாற்காலி. பணமும் பட்டனும் கடிகார முள்ளின் திசையில் நகர்கின்றன. உங்கள் வலப்பக்கத்தில் இருப்பவர் பெரும்பாலும் உங்களுக்கு முன்பே பேசுவார், இடப்பக்கத்தில் இருப்பவர் உங்களுக்குப் பின். தளர்ந்து, அடிக்கடி ஏற்றுபவரை வலப்பக்கம் வைத்துக்கொண்டால் அவர் செய்ததைப் பார்த்துவிட்டு உங்கள் ஏஸ்-எட்டைப் பற்றி முடிவெடுக்கலாம். இறுக்கமானவர்கள் இடப்பக்கம் இருந்தால், நீங்கள் பட்டனில் இருக்கும்போது பிளைண்ட் கட்டுபவர்கள் அவர்கள்தான், 0.85-ஐ 0.85-ஆல் பெருக்கிய அந்த 72 சதவீதம் அவர்களிடமிருந்துதான் வருகிறது. இடப்பக்கத்தில் எதற்கும் கவிழ்க்காத ஒருவர் வந்து உட்கார்ந்தால் அந்தப் பெருக்கல் குலைந்துவிடும். அப்போது அதே மேசையில், அதே ஆறு பேரோடு, நீங்கள் இறுக வேண்டும். அல்லது எழுந்து வேறு நாற்காலிக்கு மாற வேண்டும்.